மட்டப்பலகையின் புல்தரை

என் தங்கச்சி புருஷனை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொத்தனார் பூச்சைச் சமப்படுத்துகிற மட்டப்பலகை, அந்தப் பேரைச் சொன்னால்தான் தெரியும். ரோடு ரோலர் ஓட்டுகிறவர். மேடு பள்ளத்தைக் கண்டால் மனுஷனுக்குக் கை அரிக்கும். சாப்பாட்டு மேசை ஆடினால் சோற்றில் கை வைக்க மாட்டார். மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகிய பிறகுதான் மறுவேலை. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர் என்னைச் சாடை காட்டிக் கூப்பிட்டு, "மச்சான், தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார். சரிதான், தங்கச்சியைப் பீடிக்காரனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கடியில் அதை வைத்தார்.

மற்றபடி தங்கமான ஆள். அவர் அழுத்திய ரோட்டில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு தேங்காது.

தங்கச்சி, வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளாக உண்டாக்கிய பிழைப்பு அது. வாசலில் ஒரு புல்தரை, பிள்ளைகள் ஓடியாட. மட்டப்பலகை ஒவ்வொரு ஞாயிறும் அதை நனைத்து, ஒரு பழைய கை ரோலரை இழுத்து இழுத்து அழுத்துவார். புல் அங்கங்கே செத்து, தரை சொறி பிடித்த நாய் முதுகு மாதிரி ஆனது. அழுத்தம் போதவில்லை என்று அவர் இன்னும் அழுத்தினார்.

ஒரு நாள், அங்கே பிள்ளையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற நர்ஸம்மாவின் மகள் தடுக்கி விழுந்து தாடை கிழிந்துவிட்டது. தையல் போட்டார்கள். நர்ஸம்மா வந்து காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது என்ன புல்தரையா, பாறையா? பாப்பாவுக்காக ஒரு மாசம் லீவு போட்டிருக்கேன், அது முடியறதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா நான் மட்டுமில்ல, எல்லாரும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருவோம்."

தங்கச்சி என் பஞ்சர் கடைக்குப் போன் போட்டு அழுதாள். "அண்ணே, நான் சொன்னா அந்த மனுசன் காதுல ஏறாது. நீ வா."

போனேன். மட்டப்பலகை ரோலரும் கையுமாக நின்றார். நேரே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் புல்தரை மேல் வழுக்கிக்கொண்டு போய்த் தெருவில் விழுந்தது.

"பாத்தீங்களா மச்சான்! ஒரு சொட்டு நிக்குதா?" முகமெல்லாம் பல்.

"யோவ் மாப்ளே, ரோட்டுல ஓடினா பெருமை. இங்க ஓடினா புல்லு எதைய்யா குடிக்கும்?"

அவருக்குச் சிரிப்பு நின்றது. தங்கச்சி வாசல் கேட் தூணின் பின்பக்கம் கையைக் காட்டினாள். ரோலர் நுழையாத மூலை அது. அவர்கள் வீட்டு நாய் தினமும் அங்கே தோண்டும், இவர் தினமும் அதைத் திட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவார். அந்தக் குழியைச் சுற்றி மட்டும் புல் கொழுகொழுவென்று நின்றது.

"அந்த வாயில்லா ஜீவனுக்குத் தெரிஞ்சது..." என்று இழுத்தாள்.

மட்டப்பலகை போய்க் குந்தி உட்கார்ந்து அந்தப் புல்லைத் தடவிப் பார்த்தார். எழுந்து கடப்பாரையை எடுத்துவந்தார்.

செத்த புல்லை வாரிக் கொட்டினோம். தரை முழுக்கச் சாண் ஆழத்துக்குக் குத்திக் குத்தி நெம்பினோம். ஒவ்வொரு குத்துக்கும் மட்டப்பலகை தன் வயிற்றிலேயே குத்திக்கொள்வது போல முகத்தைச் சுளித்தார்.

"இத்தனை வருசமா குழி மூடிச் சோறு தின்னவன் மச்சான் நான்."

"இப்பக் குழி தோண்டித் தின்னு. குத்துய்யா!"

குழிகளில் மணலும் மக்கிய எருவும் கலந்து போட்டோம். நாய் மூலைப் புல்லை வேரோடு பிரித்துச் சொட்டை விழுந்த இடங்களில் நட்டோம். ரோலரைக் கையோடு தூக்கிவந்து என் கடைக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். மட்டப்பலகை காற்று குறையாத சைக்கிளுக்குக் காற்றுப் பிடிக்க அடிக்கடி வந்தார். கண்ணெல்லாம் ரோலர் மேல்.

"என்ன மாப்ளே?"

"சும்மா மச்சான். துருப்பிடிக்குதான்னு பாத்தேன்."

புல் முதலில் பழுத்தது. தங்கச்சிக்கு ராத்தூக்கம் போச்சு. பிறகு ஒரு வாரத்தில் பச்சை கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடிப் பிடித்துக்கொண்டது.

நர்ஸம்மாவின் லீவு முடிந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையை உதறிக்கொண்டு ஓடிய குழந்தை நடுத்தரையில் தொப்பென்று குப்புற விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் ஓரடி முன்னால் பாய்ந்தோம். அது எழுந்தது, சிரித்தது, வேண்டுமென்றே இன்னொரு தரம் விழுந்தது.

பின்னாலேயே போன நர்ஸம்மாவின் ஹீல்ஸ் செருப்பின் கூர்க்குதி மண்ணுக்குள் இறங்கியது. பிடுங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தாள், மறுபடியும் இறங்கியது. தங்கச்சியைப் பார்த்தாள்.

"பாப்பா பையை எங்கக்கா வைக்கறது?"

தங்கச்சி ஓடிவந்தாள். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

நர்ஸம்மா போனதும் மட்டப்பலகை அந்தக் குதிக் குழிகளை நோக்கி நடந்தார். போச்சு, மிதித்து மூடப் போகிறார் என்று சட்டையைப் பிடித்தேன். உதறிவிட்டுக் குனிந்து, குழிக்குள் விரலை விட்டார்.

"பாதி விரல் இறங்குது மச்சான்!"

அன்றைக்கு அங்கேதான் சாப்பாடு. மேசை ஆடியது. அவர் கவனிக்கவே இல்லை, ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து அட்டை தேடினேன்.