அளவு பார்க்கும் அறையில் டயாலிசிஸ்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தத் தையல்கடை. கடைக்காரியை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கட்டிய கணவரே வெளியாட்களிடம், "டெய்லரக்கா மேல இருக்காங்க, போய்க் கேளுங்க" என்பார். அவர் பஸ் டிரைவர். எந்தச் சந்துக்குள்ளும் வண்டியைத் திருப்பிவிடுவார், வீட்டுக்காரி வாய்க்கு முன்னால்தான் ரிவர்ஸ் கியர் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அவர் மறுத்ததே இல்லை.

அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது, நாள் முழுக்கத் தொங்கப் போட்டு உட்காருகிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். பிறகு சாப்பாடு கசந்தது. மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, வருஷக்கணக்காகச் சத்தமே போடாமல் ஏறியிருந்த ரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் பதம் பார்த்திருந்தது தெரிந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல டிரைவருக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள்தான் கேட்டாள்.

"டயாலிசிஸ் பண்ணிக்கிட்டா நான் மெஷின்ல உக்கார முடியுமா டாக்டர்?"

"எந்த மெஷின்ல?"

"தையல் மெஷின்லதான்."

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வழி இருக்கிறது என்றார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றிக்கொள்வது ஒன்று. வயிற்றில் சின்னக் குழாய் பொருத்தி, வயிற்றுக்குள்ளேயே சுத்தம் செய்துகொள்வது இன்னொன்று. அதை வீட்டிலேயே செய்யலாம். தினமும் நாலு தடவை செய்ய வேண்டும், லீவே கிடையாது.

ரத்தம் என்ற சொல்லிலேயே டிரைவருக்கு வேர்த்துவிட்டது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வயித்துலயே பண்ணிக்கிறேன்" என்றாள்.

குழாய் வைத்து ஆறிய பிறகு, பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் ஒரு வெள்ளரித்துண்டில் உப்பைத் தூவி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் துண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது.

"உப்பு எப்படித் தண்ணிய வெளிய இழுக்குது பாருங்க. குடலைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. உள்ள சர்க்கரை கலந்த தண்ணிய விட்டா, அந்தச் சர்க்கரை உங்க உடம்புல தேங்குன நீரை சவ்வு வழியா இழுத்துரும்."

"நீர் வந்துரும், சரி. ரத்தத்துல இருக்கிற அழுக்கு?"

"அதுவும் வரும். எங்க நிறைய இருக்கோ அங்கிருந்து, குறைச்சலா இருக்கிற பக்கம் தானா பரவும்."

டெய்லரக்கா யோசித்தாள். "புது சிவப்புத் துணிய வாளியில போட்டா சாயம் இறங்குற மாதிரி. கொஞ்ச நேரத்துல தண்ணியும் நல்லா சிவந்துரும், அதுக்கு மேல இறங்காது. தண்ணிய மாத்தினாத்தான் மறுபடி இறங்கும். அதான் நாலு தடவையா?"

"அதேதான் அக்கா" என்றாள் நர்ஸ். அவளும் அன்றுமுதல் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

வாடிக்கையாளர்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்க, கடையின் மூலையில் ஓர் அறை இருந்தது. டிரைவர் திரையைக் கழற்றிவிட்டுக் கதவு போட்டார், சுவரைக் கழுவி வெள்ளையடித்தார், பையைத் தொங்கவிட உயரத்தில் ஒரு கொக்கி அடித்தார். நேரம் வந்ததும் அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். முகமூடி, ஜன்னல் சாத்தல், மின்விசிறி நிறுத்தம். முதலில் வயிற்றிலிருந்த நீர் கீழே கிடக்கும் காலிப் பைக்குள் வடியும். பிறகு மேலே தொங்கும் புதுப் பையிலிருந்து உள்ளே இறங்கும். அது முடிந்ததும் குழாயை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். வயிற்றுக்குள் அது தன் வேலையைப் பார்க்கும், வெளியே இவள் காலர் தைப்பாள்.

"என் உடுப்பு ரெடியாச்சா இல்லையா?" என்று வெளியே யாராவது குதித்தால், உள்ளிருந்தே குரல் வரும்: "இப்ப வெளிய வந்தா எனக்கு ஆபத்து, வரலைன்னா உங்களுக்குக் கோவம். கோவத்துக்கு மருந்து தேவையில்ல, உக்காருங்க."

ஒருநாள் வடிந்த நீர் கலங்கலாக இருந்தது. பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்க்க நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்துத் தெரிந்தால் நல்லது. தெரியவில்லை. அவள் பதறவில்லை. அந்தப் பையை அப்படியே கட்டி எடுத்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, டிரைவருக்குப் போன் போட்டாள். "என்னங்க, வயித்துல கிருமி வந்துருச்சு போல. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வண்டிய ஒழுங்கா ஓட்டி முடிச்சுட்டு வாங்க, பயணிங்க பாவம்."

அவரால் அப்படி ஓட்ட முடியவில்லை. மாற்று ஆளைக் கேட்டு இறங்கிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது அவள் வலியில் சுருண்டு கிடந்தாள். அவர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. மருந்தைப் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் வடிந்த பையைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பார்ப்பது அவர் வேலையாயிற்று. முதலில் தலைப்பு மங்கலாகத் தெரிந்தது. சில நாளில் பொடி எழுத்தும் தெரிந்தது. அவர் உரக்கப் படித்தார். "பழைய பேப்பரா பாத்து எடுத்தீங்களா?" என்றாள் அவள். அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை படுத்திருந்தாள். அவளுக்கும் வயிற்றில் குழாய் வைத்திருந்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பியே கிடந்தாள்.

"இதை வச்சுக்கிட்டு நான் எப்படிக்கா கிளாஸுக்குப் போறது? பிள்ளைங்க ஓடி வந்து இடுப்பைத்தான் கட்டிக்கும்."

டெய்லரக்கா எழுந்து உட்கார்ந்தாள். டிரைவரிடம் கடையிலிருந்து மெல்லிய பருத்தித்துணியும் ஊசிநூலும் கொண்டுவரச் சொன்னாள். படுக்கையிலேயே கையால் ஓர் இடுப்புப் பட்டை தைத்தாள். குழாயைச் சுருட்டி வைக்க அதில் ஒரு பை, மேலே பொத்தான் வைத்த மூடி. மறுநாள் ஆசிரியை அதைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் துருத்தவில்லை. அடுத்த மாதம் வகுப்புக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு வயிற்றில் குழாய் வைத்தாலும் நர்ஸ் கையில் கொடுப்பது டெய்லரக்கா தைத்த பட்டைதான்.

தன் சிறுநீரகத்தைக் கொடுக்க டிரைவர் முன்வராமல் இல்லை. பரிசோதனையில் அவருக்கே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. "குடுக்க வந்த மகராசன் முதல்ல இனிப்பைக் குறைங்க" என்று அவள் அதட்டினாள். அன்று டிப்போ கழிப்பறையில் போய் நின்று அவர் அழுதது அவளுக்குத் தெரியாது.

வருஷங்கள் ஓடின. வயிற்றுச் சவ்வு களைத்துப்போனது. எவ்வளவு சர்க்கரைத் தண்ணீர் விட்டாலும் உடம்பில் தேங்கிய நீர் வெளியே வரவில்லை. கால் மறுபடி வீங்கியது. இனி ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம்தான் என்றார் டாக்டர். அதற்குக் கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைக்க வேண்டும்.

"வலது கையிலதான எழுதுவீங்க? அப்ப இடது கையில வச்சிரலாம்" என்றார் அறுவை மருத்துவர்.

"டாக்டர், துணிய நகர்த்துறது இடது கைதான். வலது கை சும்மா கூடப் போகும், அவ்வளவுதான்."

அவர் அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, துணி தள்ளுவதுபோல் செய்துகாட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, இடது கையிலேயே மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கைக்கு மேலே இணைக்கலாம் என்றார். அப்படியே செய்தார்கள். காயம் ஆறிய பிறகு அவள் மறுபடி துணியை நகர்த்தினாள், முன்பைவிட மெதுவாக.

முதல்முறை இயந்திரத்தில் சேர்த்த அன்று, ஊசி குத்தும்போது வெளியே போகச் சொல்லி நர்ஸ் டிரைவரை எச்சரித்தாள். அவர் போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தை மட்டும் பார்த்தபடி நின்றார். குழாயில் சிவப்பு ஓடியது. அவர் விழவில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு தபால்காரர் படுத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் சட்டையை முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கிறது, குளிரூட்டிக்கு நடுங்குகிறது என்று அலுத்துக்கொண்டார்.

"கைப்பக்கம் தோள்வரைக்கும் வெட்டி, பொத்தான் வச்சுத் தைச்சிரலாமே அண்ணா. ஊசி போடுற இடத்தை மட்டும் திறந்துக்கலாம்" என்றாள் டெய்லரக்கா. அவளுடைய இடது கை அசையக் கூடாது. வலது கையால் பைக்குள் துழாவி அளவுநாடாவை எடுத்தாள். கட்டிலில் இருந்தபடியே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனையைக் கணவரிடம் நீட்டினாள்.

டிரைவர் அதை வாங்கித் தபால்காரரின் தோளில் வைத்து அழுத்தினார்.

"அப்படி இழுக்காதீங்க" என்றாள் அவள். "அவரு தோளு, ஹேண்ட் பிரேக் இல்ல."