மத்துரினும் இரண்டு குரல் சட்டமும்

மத்துரினின் குரலை வளர்த்தது வெங்காயம்தான். அவள் அம்மா பாரீஸ் சந்துகளில் வெங்காயம் விற்றவள். கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன ஒரு குளிர்காலத்தில் மகளைக் கூவச் சொன்னாள். சின்னப் பெண் வாயைத் திறந்ததும் ஐந்தாம் மாடி ஜன்னல்கள்கூடத் திறந்தன. வெங்காயம் வேண்டாதவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அப்படி எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி நாடகக்காரி. கூடையை இறக்கி வைத்துவிட்டு வரச் சொன்னாள், இவளும் போய்விட்டாள்.

அதன் பிறகு பல வருஷம் ஆற்றின் தென்கரையில் இருந்த அந்த நாடகக் கொட்டகையில் கோஷ்டியோடு நின்று பாடினாள். ஒரு நாள் வனதேவதை, ஒரு நாள் பாதாளத்துப் பேய், ஒரு தடவை மேகம். மேகமாக நின்றபோதுதான் பிளேஸ் அவளைப் பார்த்தான். கொட்டகை விளக்குகளைக் கவனிக்கும் மெழுகுவர்த்திக்காரன், நல்லவன், மகா மந்தம். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்கவே அவனுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசாணை வந்தது. அக்கரையில் ஆபரா என்ற இசை நாடகம் நடத்துகிறவர்கள் ராஜாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி ஊரில் வேறெந்த நாடகக் கொட்டகையும் இரண்டு குரலுக்கு மேல், தந்தி வாத்தியம் ஆறுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பாட்டு என்றால் அது ஆபராவின் சொத்து! காற்றுக்கு வேலி போடுகிறவர்களைப் பற்றி வேறென்ன சொல்வது? கோஷ்டியில் லட்சணமாக இருந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் குரல் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மத்துரினுக்கு இருந்தது போல இல்லை.

அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி கன்னிமடத்துக்குப் போனாள், ஒருத்தி சாராயக் கடையில் பாடப் போனாள். மத்துரின் மட்டும் எங்கும் போகவில்லை. கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு அதே கொட்டகையில் எலுமிச்சைத் தண்ணீர் விற்க ஆரம்பித்தாள். மேடையில் நின்றவள் தரையில் தட்டோடு திரிகிறாளே என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். பாட்டு நடக்கும் இடத்தை விட்டு அவளால் போக முடியவில்லை, அவ்வளவுதான். பாட்டு வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

கொட்டகையை நடத்தியவள் மதாம் சாந்த்ரேல். ராணி வேஷமெல்லாம் அவளுக்குத்தான். ஆணை வந்த பின் போட்ட நாடகமெல்லாம் வரிசையாகப் படுத்தன. கடைசியில் ஒரு பழைய கிரேக்கக் கதையை எடுத்தாள். சாக வேண்டிய புருஷனுக்குப் பதிலாகத் தான் சாகிறேன் என்று முன்வந்த ராணியின் கதை. அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் நாடகத்தில் ஊரையே மேடையேற்றிப் பாட வைத்தவர்கள். ராணியின் பாடையைச் சுற்றி ஊரே நின்று அழுகிற இடம்தான் நாடகத்தின் உயிர். அதற்கு இசை எழுதியவர், சட்டம் நினைவிருந்தும் மனசு கேட்காமல், ஊரே பாடுகிற மாதிரிதான் எழுதினார். ஒரு வரி பாடகிகளுக்கு, அடுத்த வரி ஊருக்கு. பாடத்தான் ஊர் இல்லை.

முதல் நாள் அந்த இரண்டு பெண்களும் தங்கள் வரியையும் பாடி, ஊரின் வரியையும் தாங்களே பாடினார்கள். தரையில் நின்று பார்க்கிற கூட்டம் நெளிந்தது. அங்கே கஸ்பார் என்று ஒருவன் இருந்தான். தொழில் டோப்பா பின்னுவது, பொழுதுபோக்கு நடிகர்களின் மானத்தை வாங்குவது.

"ஏம்மா, ராணி செத்துக் கெடக்கா, ஊருக்கு ரெண்டே பேர்தானா? மத்தவங்க எங்கே, சந்தைக்குப் போயிட்டாங்களா?" என்று கத்தினான்.

கொட்டகையே சிரித்தது. பாடையில் செத்துக் கிடந்த மதாமின் முகம் சிவந்தது எல்லோருக்கும் தெரிந்தது. திரை விழுந்ததும் அவள் கிரீடத்தைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

"இந்த வாரம் பாப்பேன். இதுவும் படுத்துச்சுன்னா கதவைப் பூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். எல்லாரும் வேற பொழப்பைப் பாத்துக்குங்க" என்றாள்.

மத்துரினுக்குத் தட்டோடாவது நிற்க ஓர் இடம் இருந்தது, அதுவும் போகப்போகிறது. வீட்டில் சூப்பைக் கலக்கிக்கொண்டே யோசித்தாள். கஸ்பார் மேல் கோபம் வரவில்லை. அவன் கேட்டது நியாயம்தானே!

"பிளேஸ், நாளைக்குத் திரியை மெதுவா கத்தரி."

"நான் எப்பவும் மெதுவாத்தானே கத்தரிக்கிறேன்?"

"அதைவிட மெதுவா. ஒவ்வொரு திரிகிட்டயும் நின்னு குசலம் விசாரிச்சுட்டு வா."

அங்கத்துக்கு அங்கம் சரவிளக்கை இறக்கித் திரி கத்தரிப்பது வழக்கம். அவன் முடித்து விளக்கை மேலே ஏற்றும் வரை ஆறு வாத்தியக்காரர்களும் வாசித்தே தீர வேண்டும். மறுநாள் அவர்கள் ஊர் அழும் பாட்டின் மெட்டைத்தான் வாசித்தார்கள். ஒரு தடவை வாசித்து முடித்து நிமிர்ந்தால் பிளேஸ் மூன்றாவது திரியில் இருந்தான். மறுபடி வாசித்தார்கள். அதற்குள் மத்துரின் தட்டோடு கூட்டத்துக்குள் புகுந்து, கஸ்பாரின் பக்கத்தில் நின்று, சன்னமாக வார்த்தைகளைச் சேர்த்துப் பாடினாள்.

"என்ன எலுமிச்சை, பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

"ஊர்க்காரங்க எங்கேன்னு நேத்துக் கத்தினியே. நீதான்யா ஊர்க்காரன். பாடு."

"நானா? என் குரலைக் கேட்டா செத்தவ எந்திரிச்சிடுவாளே!"

"எந்திரிக்கட்டும். கதையில கடைசியில எந்திரிக்கத்தான் போறா."

கஸ்பாரின் நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் ஆபராவிலேயே மெட்டுத் தெரிந்துவிட்டால் மேடையோடு சேர்ந்து பாடாமல் இருக்கத் தெரியாத ஜனங்கள் அவர்கள். அங்கே ஒரு பாட்டு நாவில் பதிய ஒரு மாதம் ஆகும். இங்கே பிளேஸின் புண்ணியத்தில் இரண்டே நாளில் பதிந்தது. மூன்றாம் நாள், பாடகிகள் தங்கள் வரியை முடித்ததும், மத்துரின் தரையிலிருந்து முதல் ஸ்வரத்தை எடுத்தாள். பின்னாலேயே டோப்பாக்காரர்களும் வேலைக்காரர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் அடுத்த வரியைப் பாடினார்கள். பாடையில் கிடந்த மதாமின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. செத்தவள் அழுகிறாள் என்று அன்று ஒருவனும் கேலி பேசவில்லை.

வார முடிவில் கதவுக்கு வெளியே வரிசை நின்றது. பார்க்க வந்தவர்களைவிடப் பாட வந்தவர்கள் அதிகம். மத்துரினுக்கோ கால் தரையில் பாவவில்லை. எத்தனையோ வருஷம் கடித்துக் கடித்துத் தழும்பேறிய உதடு இப்போது தினமும் திறந்தது.

சங்கதி அக்கரைக்கு எட்டாமல் இருக்குமா? ஆபராவிலிருந்து முசியே லெகார் வந்தார். மற்ற கொட்டகைகளில் குரலை எண்ணுவதுதான் அவர் உத்தியோகம். மேடையில் எண்ணினார், இரண்டு. வாத்தியத்தை எண்ணினார், ஆறு. ஆனாலும் யாரோ காதில் போட்டுவிட்டார்கள், எலுமிச்சைக்காரி பழைய கோஷ்டிக்காரி என்று. மறுநாள் நாடகம் தொடங்கும் முன் மதாமின் அறைக்குப் போனார்.

"தரையில ஒரு ஆளை நிறுத்திப் பாட வைக்கிறீங்க. அது மூணாவது குரல், மதாம்."

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா முசியே? ஜனங்க பாடறாங்க."

"அவ ஆரம்பிக்கறதால பாடறாங்க. இன்னிக்கு நான் அவ பக்கத்துலயே நிக்கப் போறேன். அவ வாயைத் திறக்கக் கூடாது. அவ இல்லாம ஜனங்க பாடினா நான் பேசாம போயிடறேன். பாடலைன்னா அவ கூலிக்குப் பாடறவன்னு அர்த்தம், கொட்டகையைப் பூட்டி சீல் வெச்சிடுவேன்."

மதாம் மத்துரினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மத்துரின் சரி என்று தட்டை மாட்டிக்கொண்டு தரைக்குப் போனாள்.

லெகார் சொன்னபடியே தரைக்கு வந்தார். பட்டுக் கோட்டும் தொப்பியுமாக, எலுமிச்சைத் தண்ணீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முழங்கையை உரசியபடி நின்றார். சுற்றியிருந்தவர்கள் யாரென்று தெரியாமல் முறைத்தார்கள். பாடை வந்தது. பாடகிகள் முதல் வரியைப் பாடி முடித்தார்கள்.

ஊர் பாட வேண்டிய இடத்தில் ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றது. எல்லோரும் மத்துரினைத்தான் பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அந்த வரியின் மெட்டை மறுபடி வாசித்தார்கள். அப்போதும் யாரும் பாடவில்லை. லெகார் கோப்பையை உயர்த்தி நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"அட, என்னய்யா இது, ராணி செத்துக் கெடக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நொடி கஸ்பார் பாட ஆரம்பித்தான்.

அது என்ன சுருதி என்று அந்த ஆறு வாத்தியக்காரர்களாலும் சொல்ல முடியாது. ஆனால் வார்த்தை சரியாக இருந்தது. இரண்டாவது வார்த்தைக்குள் அவன் நண்பர்கள் சேர்ந்தார்கள். வரி முடிவதற்குள் தரை முழுவதும் சேர்ந்து, கஸ்பாரையும் இழுத்துச் சுருதிக்குள் கொண்டுவந்துவிட்டது. மாடித் தடுப்பறைகளில் உட்கார்ந்திருந்த சீமாட்டிகள்கூட விசிறியை மடக்கிவிட்டுப் பாடினார்கள்.

மத்துரினுக்கு ஒரு கணம் நெஞ்சு வலித்தது. நான் இல்லாமலே பாடுகிறார்களே! பொறாமைதான், வேறென்ன? தான் பெற்ற பிள்ளை தன் கையை உதறிவிட்டு நடந்தால் எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும். அந்த வலி தீரும் முன்பே சந்தோஷம் பொங்கியது. அடுத்த வரி ஊரின் முறைக்கு வந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. தட்டைத் தரையில் வைத்தாள், நிமிர்ந்தாள், ஐந்து மாடிக்கும் கேட்கும் அந்தக் குரலில் பாடினாள்.

லெகார் துள்ளித் திரும்பினார். "மாட்டிக்கிட்டியா! நீயும் பாடறே!"

மத்துரின் வரியை முழுதாகப் பாடி முடித்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் இல்லாமலே ஊர் பாடிடுச்சே, இப்ப நானும் ஊர்தான். இங்கே பாடாம நிக்கறது நீங்க ஒருத்தர்தான் முசியே. பாருங்க, எல்லாரும் உங்களைத்தான் பாக்கறாங்க."

லெகார் சுற்றிலும் பார்த்தார். ஆமாம், பாடிக்கொண்டே எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.