மழை பெய்தால் திறக்கும் காட்சிசாலை

ஆசீர்வாதம் சாரைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நம் கையெழுத்துப் பத்திரிகையில், இறந்துபோனவர்கள் எல்லாரையும் சாந்த சொரூபிகளாக்கிவிடுகிறோம். சார் சாந்தமானவர் அல்லர். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார். குடையை மடக்க மறந்து கையை வீசிப் பேசி, எதிரில் நிற்பவரை நனைத்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நல்ல மழை. மழை நாளில் சார் நம் பள்ளி நூலகத்துக்கு வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வாசலில் காத்திருந்தேன். தூரத்தில் ஒரு குடை வந்தது. அதன் கீழே என் வகுப்புத் தோழி பிரகாசி.

"ஏளா கனி, சார் வரமாட்டாவ. விடியக்காலம் நெஞ்சுவலி வந்துச்சாம். போயிட்டாவளாம்."

மழை விடவில்லை. மழை பெய்தும் அவர் வராதது அதுதான் முதல் முறை.

இந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சார் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நம் ஊரில் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள்தாம் சரக்கைக் கொண்டுபோகின்றன. மழையும் காற்றும் வந்தால் தோணி ஓடாது. தோணி ஓடாவிட்டால் சாருக்குக் கடற்கரையில் வேலை இல்லை. உடனே கம்பெனிக் கிடங்கின் மாடி அறையைத் திறந்துவிடுவார். முன்பிருந்த மானேஜர் ஒருவர் சேர்த்துவைத்த சங்குகளும், கப்பல் படங்களும், முத்துக் குளிப்பவர்கள் காலில் கட்டி இறங்கும் கல்லும், ஆள் உட்காரும் அளவு பெரிய திமிங்கில முதுகெலும்பும் அங்கே இருந்தன. யார் வேண்டுமானாலும் வரலாம். வெயிலடித்தால் பூட்டு. "மழை வந்தா தோணிக்கு லீவு, கண்ணுக்கு வேலை" என்பார் சார்.

மேகம் கறுத்தால் எனக்கு வகுப்பில் உட்கார முடியாது. சங்கு குளிப்பவர் வீட்டுப் பெண்ணான பிரகாசி கிண்டல் செய்வாள். "ஒனக்கு மழைன்னா கொண்டாட்டம். எங்க வீட்டு ஆம்பளைய வேலையில்லாம உக்காந்து ஒருத்தர ஒருத்தர் கடிச்சுத் திங்காவ." ஆனாலும் என்னைவிட வேகமாக ஓடுவாள்.

அந்த அறையில் எங்கள் உயிர் ஒரு படத்தில் இருந்தது. முத்துக்குளிப்புக் கரையைக் காட்டும் பழைய அச்சுப் படம் அது. தோணிகள், குளியாட்கள், மணலில் சிதறிய சங்குகள், கடலில் ஒரு தீவு. கீழே சார் தம் அழகிய கையெழுத்தில் "இலங்கைக் கரை" என்று எழுதி ஒட்டியிருந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. கடற்கரைக் கட்டடங்களைப் பட்டாளத்துக்கு ஒதுக்கினார்கள். அறையிலுள்ள நம் கரைப் பொருள்கள் நம் பள்ளிக்கும், மற்றவை மதுரைக் கிடங்குக்கும் போகட்டும் என்று இப்போதைய மானேஜர் உத்தரவிட்டார். சார் ஒட்டிய சீட்டினாலேயே எங்கள் படம் மதுரைப் பெட்டிக்குப் போயிற்று. அங்கே போனால் வைக்கோலுக்குள் கிடக்கும். மறுபடி யார் பார்ப்பார்கள்? மழை விட்டதும் வண்டி புறப்படுவதாக ஏற்பாடு. மழை விடக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கடைசியாக ஒருமுறை பார்க்கவென்று சார் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரகாசி அதில் மூக்கு உரசும்படி குனிந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"சார், இதுல கெடக்கது எல்லாம் வலம்புரி! இத்தன வலம்புரி கெடச்சிருந்தா எங்க தெருவுல எல்லாவனும் மாடிவீடு கட்டியிருப்பானே."

"படம் போட்டவன் வெள்ளைக்காரன். அவனுக்குச் சங்கைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் சார்.

"அப்ப குளிக்கவன் எல்லாம் ஏன் எடக்கையால கயிறு பிடிக்கான்?"

சார் கிட்டே வந்து குனிந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்! "தப்பா? காட்டு, காட்டு!" என்று படத்தைப் பிடுங்கினார். "ஐயோ, ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு மாதிரில்லா! பார்த்தபடியே தகட்டில கீறிட்டான். தாளில் அழுத்தினதும் இடம் வலமாப் போச்சு. கண்ணாடி வேணும், கண்ணாடி!"

குடையை மறந்து மழையில் இறங்கி ஓடினார். கிடங்குக்கு அடுத்தது ஒரு முடிதிருத்தும் கடை. சிறிது நேரத்தில் சுவர்க்கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கியபடி சார் வந்தார். பின்னால் கத்தியோடு கடைக்காரர். அவருக்கும் பின்னால், கழுத்தில் துண்டும் வலக்கன்னத்தில் சோப்பு நுரையுமாக ஒரு தோணித் தண்டல். தோணியை நடத்திச் செல்பவர், அன்று வேலையில்லாமல் சவரத்துக்கு உட்கார்ந்தவர்.

"வே, பாதி மூஞ்சிய அங்கன விட்டுட்டு கண்ணாடியத் தூக்கிட்டு ஓடுதீரே, நியாயமா?"

"அண்ணாச்சி, மீதி மூஞ்சி எங்கயும் போகாது. இதைப் பாரும்!"

சார் படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். இடப்பக்கம் கிடந்த தீவு வலப்பக்கம் வந்தது. மணல் வளைவு மறுபுறம் திரும்பியது. தண்டல் நுரையைத் துடைக்க மறந்து நின்றார்.

"ஏலே, இது நம்ம முயல் தீவுல்லா! நான் தெனமும் பாக்க கரையில்லா இது!"

நாங்கள் குதித்ததில் மரத்தளம் அதிர்ந்தது. சத்தம் கேட்டுக் கீழேயிருந்து மானேஜர் ஏறி வந்தார். சார் அந்தச் சீட்டை எழுதியதற்காகத்தான் முன்பு அவரிடம் பாராட்டு வாங்கியிருந்தாராம்.

"அப்படியானால் இத்தனை வருஷமாக நீர் எழுதிவைத்தது தப்பா?" என்றார் மானேஜர்.

சாருடைய வேலைக்கு என்ன ஆகுமோ என்று நான் பயந்தேன். சாரோ பரிசு வாங்கப் போகிறவர் போல முன்னால் வந்தார்.

"முழுத் தப்பு சார்! இந்தப் பிள்ளை கண்டுபிடிச்சுட்டா!"

மானேஜர் படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். தண்டலின் பாதி முகத்தையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பள்ளிக்கே கொடுத்துவிடும்" என்றார். வெளியே மழை விட்டிருந்தது. இனி அது விட்டால் எங்களுக்கென்ன!

அதன்பின் சார் ஒரு சிறு கைக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மழை நாளெல்லாம் நூலகத்துக்கு வந்து, படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அதை நீட்டுவார். "இது நான் தப்பா எழுதின படம்" என்றுதான் தொடங்குவார். "தப்பு கெடச்சா ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும். அது தானா வந்து கதவைத் தட்டுறது அபூர்வம்" என்று முடிப்பார்.

இதுவரை எழுதியதை இன்று மாலை பிரகாசியிடம் படித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். "தண்டலுக்கு நொர இருந்தது எடக்கன்னத்துல. நான் பக்கத்துல நின்னவ."

இல்லவே இல்லை, வலக்கன்னம்தான் என்று சண்டை போட்டேன். கண்ணை மூடினால் அந்த முகம் அப்படியே தெரிகிறதே! பிறகுதான் உறைத்தது. என் கண்ணில் நின்றது தண்டலின் நேர்முகம் இல்லை. படத்துக்குப் பக்கத்தில், அந்தச் சுவர்க்கண்ணாடியில் தெரிந்த முகம்.

என்னை அறியாமல் கைகொட்டிச் சிரித்தேன். "தப்பா? காட்டு, காட்டு!" என்று என் வாயே சொல்லிற்று. சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். கைக்கண்ணாடியை அவர் வீட்டார் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது என்னிடம் இருக்கட்டும்.

மேலே வலக்கன்னம் என்று இருப்பதை இடக்கன்னம் என்று படியுங்கள். நானே அடித்துத் திருத்தியிருப்பேன். அதற்குள் யுத்தகால இருட்டடிப்பு மணி அடித்துவிட்டது, நம் விடுதி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள்.