மூன்று எண்ணும் நேரம்

பிள்ளைகளே, அலமாரி மேல் கிடக்கும் பாடேல் பந்தாட்ட மட்டையைத் தொட்டால் அப்பா நான் ஏன் அதட்டுகிறேன் என்று கேட்டீர்கள். அது உங்கள் தாய்மாமாவுடையது. அதன் கைக்கயிற்றில் அவர் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

பத்து பாகாட் ஊரில் அவரும் நானும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஞாயிறு காலையில் கண்ணாடிச் சுவர் வைத்த கோர்ட்டில் இரண்டு பேருக்கு இரண்டு பேர் ஆடுவோம். மாமா பலமாக அடிக்க மாட்டார். எதிராளிகள் வலையருகே வந்து எங்களைப் பின்சுவரோடு நெருக்கும்போது, பந்தை அவர்கள் தலைக்கு மேல் உயரமாகத் தூக்கிப் போடுவார். அதற்கு லாப் என்று பெயர். "அடிச்சு என்ன மாப்ள செய்யப் போற? மேல தூக்கு. மூணு எண்ணுற நேரம் கிடைக்கும். அதுக்குள்ள மூச்ச வாங்கிட்டு எடத்துக்கு வந்துடலாம்" என்பார். அவர் போடும் பந்து அவசரமே இல்லாமல் போகும். எதிரில் நிற்பவர்கள் முனகிக்கொண்டே பின்னால் ஓடுவார்கள்.

ஒரு ஞாயிறு எதிரில் ஆடியவர்கள் ஸ்டோர் பிரிவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். "அலமாக்! என்னண்ணே, ஆட வந்தீங்களா, பட்டம் விட வந்தீங்களா?" என்றான் ஒருவன். மாமா சிரித்தார். "நூலு என் கையிலதான்டா இருக்கு" என்றார். எனக்குத்தான் முகம் சுட்டது.

கடைசி ஆட்டத்தில் மாமா முழங்காலில் கையூன்றி நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. "மாப்ள, அடுத்தத மேல தூக்குலா. மூச்சு முட்டுது" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆட்டத்தையே நிறுத்தியிருக்க வேண்டும். பந்தையாவது தூக்கியிருக்க வேண்டும். நான் ஓங்கி அடித்தேன். வலையருகே நின்றவன் அதை அப்படியே மாமாவின் பக்கம் திருப்பினான். அவர் ஓடினார். பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பியபோது அவர் கீழே கிடந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

"ஆடிக்கிட்டு இருந்தப்ப விழுந்துட்டாரு" என்று மட்டும் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மாமா என்னிடம் பந்தை மேலே தூக்கச் சொன்னதைச் சொல்லவில்லை. அது எப்படியும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருப்பாரோ என்னவோ, நான் போய்க் கேட்கவில்லை. நேற்றுதான் அம்மாவிடம் முழுதும் சொன்னேன். "தூக்கிப் போட்டிருக்கலாமே" என்றாள்.

இன்று காலை நீங்கள் எழுவதற்கு முன் அந்த மட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். முடிச்சை அவிழ்க்காமல் கையை நுழைத்தேன். பின்சுவரோடு ஒட்டி நின்று, ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பந்தை மேலே தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் அது தரையைத் தொட்டது.