தண்ணீர் திரும்பும் வாய்க்கால்

பட்டுக்கோட்டையைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். அதுவரை வேலை பார்த்த தேங்காய் உரிக்கும் கொட்டகையில் மேஸ்திரி செருப்பைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசியிருந்தார். பாதி உரித்த காயை அவர் காலடியில் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். பையில் ஒரு லுங்கியும் சார்ஜ் இல்லாத போனும் இருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு வேலை மாறுவது புதிதில்லை. ஆனால் பூதலூர்ப் பக்கம் நெல் வயலில் வளர்ந்தவன். கடலைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

விடியும்போது அலையாத்திக் காட்டை ஒட்டிய படகுத்துறைக்கு வந்துவிட்டேன். ஒருவர் தனியாகப் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சலாம்.

“கழி ஊனிப் படகு தள்ளத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே. சொன்னா செய்வேன்.”

“ஏறு. இன்னைக்கு உன்னைப் பாக்குறேன். சரிப்பட்டா நாளைலேருந்து பங்குக்கு வா. வலைக் கொட்டாயில படுத்துக்க.”

படுக்க இடம் என்றதும் ஏறிவிட்டேன்.

திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து போயின. சிலவற்றில் இரண்டு பக்கத்துக் கிளையும் தோளில் உரசும். அடியில் சிப்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் பாறையாக இறுகிக் கிடந்தன. மூங்கில் கழி பட்டால் கல்லில் குத்துவது போலக் கை அதிரும். ஒரு கிளை வாய்க்காலின் வாயில் படகை நிறுத்தினார்.

“தண்ணி போற பக்கமா வலையோட மடியை விட்டுக் கட்டு.”

பார்த்தேன். தண்ணீர் காட்டுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. மீன் சேரும் பை போன்ற மடியை உள்பக்கம் விட்டு இறுக்கிக் கட்டினேன். பிறகு அவர் கொண்டுவந்த ஒரே தூக்குச் சோற்றில் இருவரும் கைபோட்டுச் சாப்பிட்டோம்.

கை கழுவும்போது தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் வந்த வழியே கடலைப் பார்த்துத் திரும்பியது. மடி புரண்டு வெளியே வந்தது. சேர்ந்திருந்த மடவை மீன்கள் அதோடு கொட்டிப் போயின.

“அடப்பாவி, உள்ள விட்டா கட்டுன? போற பக்கம்னா கடல் பக்கம்டா. வத்தம் வந்தா தண்ணி திரும்பும்னு தெரியாது?”

“எங்க ஊரு வாய்க்கால்ல போன தண்ணி திரும்பாதுண்ணே.”

“உங்க ஊருல மீனும் நடவு நடுமோ?”

வலையை மாற்றிக் கட்டி, மிச்ச மீனையாவது பிடித்து முடிப்பதற்குள் வாய்க்கால் வற்றிவிட்டது. படகு சிப்பிப் பாறையில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஏற்றம் வரை கிடந்தால் மீன் நாறிவிடும் என்று அவர் தலையில் கைவைத்தார். நான் இறங்கினேன். முதுகைக் கொடுத்து முட்டித் தள்ளினேன். பாதம் இரண்டும் கிழிந்தன. கலங்கல் தண்ணீரில் என் ரத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை, எரிச்சல்தான் தெரிந்தது. படகு நகர்ந்தது.

துறையில் மீனை இறக்கியதும் அவரே சொன்னார்.

“கெட்டிக்காரன்தான்டா. நாளைக்கு வந்துடு.”

எனக்கு மூச்சு வந்தது. அடுத்து, வலையை உதறியபடியே கேட்டார்.

“ஆமா, பூதலூர்ல நீ எந்தத் தெரு?”

எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

“எதுக்குண்ணே?”

“கோச்சுக்காத தம்பி. படகுல எல்லாரும் ஒரே சட்டில திங்கிறது. கூட வர்றவனுங்க கேப்பானுங்கல்ல?”

“மத்தியானம் ஒரே தூக்குலதானே தின்னோம்? அப்ப கேக்கலையே.”

“அது ஒரு நாளு. நாளைலேருந்து தெனமும் ஆச்சே. சொல்லிட்டு ஏறு.”

“அப்ப ஏறலை.”

“சொல்றதுல என்னடா கொறஞ்சுபோச்சு?”

“சொல்லாததுல உங்களுக்கு என்ன கொறஞ்சுது?”

அவர் மறுபடி வலையை உதறத் தொடங்கினார். எனக்கு ஒதுக்கிய மீனை வாங்காமல் நடந்தேன். அன்றைக்குப் பஸ் நிழற்குடையில் படுத்தேன். கால் வீங்கிவிட்டது. ஒரு தடவைகூடத் திரும்பிப் போக நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் மீன் லாரிகள் நிற்கும் இடத்தில் ஐஸ் உடைக்க ஆள் கேட்டார்கள். பெயரை மட்டும் கேட்டார்கள். சொன்னேன். கட்டையைக் கையில் கொடுத்தார்கள்.