வசனம் எடுத்துக்கொடுத்தவர்

இருபது வருஷம் மேடையில் பொய்யாக அழுது, பொய்யாகச் செத்துப் பிழைத்தவன் நான். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாமல் போகலாம். ஆனால் இதில் ஒரு வரிகூட ஜோடனை இல்லை. பட்டப்பகலில், பதினொரு மாணவர்கள் கூட இருக்கும்போதே நடந்தது.

முதலில் நடிகன். பிறகு நாடக ஆசிரியன். இப்போது நடிப்புச் சொல்லித்தரும் வாத்தியார். எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே நாடகம். ஓடிப்போன அண்ணன் திரும்பி வருகிறான். மூடிய கதவுக்குப் பின்னால் நின்று தங்கை பேசுகிறாள். அந்தக் கடைசிக் காட்சிக்குத்தான் ஜனங்கள் அழுதார்கள். இந்த வாத்தியார் வேலையும் அதை வைத்துத்தான் கிடைத்தது.

அந்தக் காட்சியை எழுதியது நான் இல்லை.

எழுதியவர் எங்கள் குழுவின் பிராம்ப்டர். மேடை ஓரத்தில் மறைந்து உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பார். முதலில் நாக்கால் 'ட்ச்' என்று ஒரு சத்தம். பிறகு இரண்டே வார்த்தை. மூன்றாவது வார்த்தை தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. "மிச்சம் உங்களுக்கே வரும் சார்" என்பார். ஒருநாள் கூச்சத்தோடு ஒரு நோட்டை நீட்டினார்.

"சும்மா கிறுக்கியிருக்கேன் சார். பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். என் பெயரில் போட்டுக்கொண்டேன். கடைசி மூன்று வரியை மட்டும் வெட்டினேன். என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? நோட்டை என் கையாலேயே எரித்தேன்.

நாடகத்தின் முதல் நாள், அண்ணன் வேஷத்தில் நின்ற எனக்கு வசனம் மறந்தது. அவர்தான் எடுத்துக்கொடுத்தார். அவர் எழுதிய வசனத்தை, எனக்கு. நாடகம் முடிந்ததும் வீட்டுக்குப் போனார். அப்புறம் குழுவுக்கு வரவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர் வீடு பஸ்ஸில் அரை மணி நேரம். பதினாறு வருஷமாக நான் போகவில்லை.

போன மாதம், ஒரு சனிக்கிழமை. மதியம் 3.10. ஒத்திகை அறையில் அதே காட்சி. தங்கையாக நடித்த மாணவிக்கு வசனம் மறந்தது. யாரும் உதவக் கூடாது என்பது என் சட்டம். மனசுக்குள் எண்ணினேன். ஒன்று... இரண்டு... ஐந்து...

'ட்ச்.'

வலது ஓரத்திலிருந்து. பிறகு கிசுகிசுப்பாக இரண்டு வார்த்தை. அவள் பிடித்துக்கொண்டாள்.

"யாரு எடுத்துக்கொடுத்தது?" என்று அதட்டினேன்.

பதினொரு பேரும் என் கண் முன்னால்தான் இருந்தார்கள். வலது ஓரத்தில் ஒரு காலி நாற்காலி மட்டும். அந்தப் பக்கக் கதவு பூட்டியிருந்தது. சாவி என் பையில்.

3.22. கடைசி வசனம் முடிந்தது. அவள் கதவைத் திறக்க வேண்டும்.

திறக்கவில்லை.

'ட்ச்.'

தலையைச் சாய்த்துக் கேட்டாள். இந்த முறை மூன்றாவது வார்த்தையும் வந்தது... நான்காவதும்... அவள் கூடவே சொன்னாள்.

"கதவை நான் பூட்டவே இல்லண்ணா. ஒரு தடவை தட்டியிருந்தா போதும். நீ தட்டல."

நான் வெட்டிய மூன்று வரி. எரிந்துபோன மூன்று வரி.

நாற்காலி கிறீச்சிட்டது... யாரோ எழுந்தது போல.

மாணவர்கள் கைதட்டினார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இது நீங்க எழுதினதா சார்?"

மாணவன் யாரோ கேட்கிறான் என்று நினைத்தேன். வாய் பழகியிருந்தது.

"ஆமா."

திரும்பினேன்.

சுவர்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலில் ஆட்கள் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர் மனைவிக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"நாலு வருஷமா அவருக்குப் பேச்சே இல்ல சார். பக்கவாதம். நேத்து மத்தியானம் திடீர்னு பேசினாரு. முதல்ல ரெண்டே வார்த்தை. அப்புறம் முழுசா ஏதோ வசனம். கடைசியா, 'இது நீங்க எழுதினதா சார்'னு சுவரைப் பார்த்துக் கேட்டாரு. பதிலுக்குக் காத்திருந்தாரு."

"அப்புறம்...?"

"பதில் கேட்ட மாதிரி தலையை ஆட்டினாரு. கண்ணை மூடிட்டாரு. மூணு இருபத்தஞ்சு இருக்கும்."

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார்.

"யாரைக் கேட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதுங்க" என்றேன்.