பொங்கல் லீவில் அளந்த காற்று

பொய் சொல்லிவிட்டுப் போனீர்கள். எங்கள் தெருவின் காற்றை அளந்த கம்பெனிக்காரர்களைத்தான் சொல்கிறேன். மிஷின் மேல் எனக்குக் கோபமில்லை. அது என் வீட்டு மொட்டைமாடியில், என் வீட்டுக் கரண்டில்தான் ஓடியது. நீங்கள் அதை ஓடவிட்ட நாட்கள்தான் பொய்.

நாங்கள் இருப்பது சென்னை மேனாம்பேட்டில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே. முன்பு ரோட்டு மேலேயே ஒரு டயர்க் கடை மாடியில் குடியிருந்தோம். என் மகளுக்கு வீசிங் உண்டு. கீழே லாரிகள் வரிசை கட்டி உறுமினால் மேலே அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். ரோட்டை விட்டுத் தள்ளிப் போங்கள் என்றார் டாக்டர். உள்தெருவில் இருந்த என் அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். இப்போது லீவு போடாமல் ஸ்கூலுக்குப் போகிறாள். என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு அவளுக்கு மூச்சு இருக்கிறது.

எதிரே மூடிக் கிடந்த தொழிற்சாலை இடத்தில் மால் வரப்போகிறது. அலங்கார வாசல் மெயின் ரோட்டில். பார்க்கிங்கிலிருந்து வண்டிகள் வெளியேறும் கேட் மட்டும் எங்கள் தெருவில், என் மகள் படுக்கிற ஜன்னலுக்கு நேராக. அந்த கேட்டுக்கு அனுமதி கிடைக்க வேண்டுமென்றால், இப்போது இங்கே வண்டிப் புகை எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளந்து காட்ட வேண்டுமாம். ஏற்கெனவே புகை அதிகம் என்றால் அனுமதி கிடையாதாம்.

அளக்க வந்த இளைஞன் பேன்ட்டில் மடிப்புக் கலையாதவன். மரம் மறைக்காத மாடியும் பிளக் பாயிண்டும் வேண்டும் என்றான். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். அளந்து பார்த்தால் கேட் வைக்க முடியாது என்று தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

மிஷினை மாட்டியவன் ஓடவிடவில்லை. நீல பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினான். ஏன் என்று கேட்டேன்.

"நாளைக்கு போகி மேடம். டயர் எல்லாம் கொளுத்துவாங்க. அது வழக்கமான நாள் இல்ல. அந்தப் புகையையும் சேர்த்தா கணக்கு தப்பாயிடும்."

அவனுடைய பொறுப்பைப் பார்த்து உருகிப்போய் காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

போகி முடிந்த மறுநாள் காலையில் வந்து சுவிட்சைப் போட்டான். அன்று பொங்கல். பக்கத்து ஃபிளாட்டுகளில் முக்கால்வாசி பேர் ஐ.டி. வேலைக்காரர்கள், காரில் மூட்டை கட்டி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்விட்டார்கள். பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கம்பெனிகள் லீவு, ஸ்கூல் வேன் கிடையாது, லாரி கிடையாது. மெயின் ரோட்டு நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததும் அளக்கச் சொன்னேன். குளிர்காலத்தில் அளக்க வேண்டும் என்பதுதான் தங்களுக்கு உத்தரவு, இதுவும் குளிர்காலம்தானே என்றான். போகிக்குத் தெரிந்த காலண்டர் பொங்கலுக்கு மறந்துபோயிற்று.

தெருமுனையில் இன்னொருவனை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். போகிற வண்டிகளை எண்ணுவது அவன் வேலை. எண்ண ஒன்றும் இல்லாததால் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாண்டில் தனியாக நின்ற ஆட்டோக்காரர் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"இன்னா நைனா எண்ற? என் வண்டி ஒண்ணுதான் கீது. நாலு ரவுண்டு சும்மா சுத்திக் காட்டவா, உனக்கும் பொழுது போவும்?"

காணும் பொங்கல் சாயங்காலம், ஊரே பீச்சில் இருந்தபோது, மிஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அதிகாரி, பக்கத்தில் அந்த இளைஞன், பின்னால் திரை. திரையில் என் மொட்டைமாடி. மிஷினுக்குப் பின்னால் கொடியில் என் நைட்டி காய்கிறது. ஊர் முன்னால் என் நைட்டியைக் காட்டி, எங்கள் காற்று சுத்தமோ சுத்தம், இன்னும் எத்தனை வண்டி வந்தாலும் தாங்கும் என்றான். கட்டம் கட்டமாக எல்லாம் பச்சை. மாலில் தியேட்டர் வரும் என்ற குஷியில் ஃபிளாட்காரர்கள் சிலர் கைதட்டினார்கள். அளந்த நாட்களில் இந்தக் காற்றை அவர்கள் சுவாசிக்கவே இல்லை. சுவாசிக்காத காற்றுக்குக் கைதட்டல்.

மைக்கை வாங்கினேன். "ஏம்பா, எந்தெந்த நாள் அளந்தீங்க? அத மட்டும் சொல்லு."

"குளிர்கால சீசன்ல, விதிமுறைப்படி அளந்திருக்கோம் மேடம்."

"சீசன் கேக்கல. நாள் கேக்கறேன்."

அவன் திரையில் அடுத்த பச்சைக் கட்டத்துக்குத் தாவினான். பின்னாலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்.

"பொங்கலன்னிக்கு மிசின வச்சா ஊட்டுக்கு ஊடு நெய் வாசனதான் சார் மாட்டும். புகை எங்கேர்ந்து வரும்?"

மண்டபம் சிரித்தது. கூட்டத்தில் சிரிப்பு வந்தால் அதிகாரிகளுக்கு நிம்மதி. அதற்குப் பிறகு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று சொல்லி என் கையிலிருந்த மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அனுமதி கிடைத்து, எதிரே தகரம் அடித்து வேலை நடக்கிறது. கேட் வரப்போகும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் என் மகள் ஸ்கூல் வேன் ஏறுகிறாள். நேற்று, அங்கே என்ன வரும் என்று கேட்டாள். கார் வரும் என்றேன். ஜன்னலை மூடிக்கொள்ளலாம் என்றாள். சென்னையில், மே மாதம் வந்தாலும், ஜன்னலை மூடிக்கொள்ள வேண்டுமாம்.

சமாதானம் செய்ய யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம். கடுதாசியும் வேண்டாம். அளந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரும் அந்த இளைஞனும் அதே மண்டபத்துக்கு, ஃபிளாட்காரர்கள் ஊரில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாருங்கள். மைக்கைப் பிடித்து, அளந்த நாட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்த கேட் ஏன் மெயின் ரோட்டில் இருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.